கூண்டுக்குள் வந்த கார்த்திகை

சித்திரை பிறந்து எட்டாம் நாளா பத்தாம் நாளா என்பதில் உப்பளத் தெருவுக்குள் இன்றைக்கும் ஒத்த கருத்து கிடையாது. ஆனால் அது உச்சிவெயில் நேரம் என்பதிலும், நாய்கூட நிழலைவிட்டு நகராத அந்த நேரத்தில் எப்சிபாவின் குருவிக் கூண்டுக்குள் கார்த்திகை மாதம் வந்து இறங்கியது என்பதிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

எப்சிபா அப்போது ஒரு கோணிச் சாக்கைத் தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டு கூண்டின் மேல் போடுவதற்காகக் கொல்லைக்கு வந்துகொண்டிருந்தாள். அடுக்களை வாசலிலிருந்து கூண்டுக்குப் போவதற்குள் உள்ளங்கால் இரண்டும் பழுத்துவிடும் என்பதால் ஓட்டமும் நடையுமாக வந்தவள், கம்பிவலையில் கை வைத்ததும் அப்படியே நின்றாள். வலை சில்லென்று இருந்தது. உள்ளே, மேகமும் வானமும் இல்லாத இடத்திலிருந்து தூறல் விழுந்துகொண்டிருந்தது. மண் நனைந்து கறுத்திருந்தது. வெளியே கண்ணைக் குத்திய வெள்ளை வெளிச்சம் வலையைத் தாண்டியதும் சாய்ந்து மங்கி, மதியமே சாயங்காலமாகிவிடுகிற நாட்களின் வெளிச்சமாகக் கிடந்தது. தரையிலிருந்து ஈசல் கிளம்பிக்கொண்டிருந்தது. அவள் கூண்டுக் கதவைத் தள்ளி வலது கையை உள்ளே விட்டாள், அது நனைந்து சிலிர்த்துத் திரும்பி வந்தது; இடது கை வெயிலில் எரிந்துகொண்டே இருந்தது. ஐப்பசி இல்லை இது என்று உடனே கண்டுகொண்டாள். ஐப்பசி என்றால் கதவை அடித்துத் திறந்துகொண்டு வந்து வாயில் வந்ததையெல்லாம் பேசிக் கொட்டும். கார்த்திகைதான் இப்படி, எல்லாம் பேசி ஓய்ந்தபின் யாரிடம் என்றில்லாமல் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். சரி, வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சாக்கைப் பிழிந்து கொடியில் காயப்போட்டாள். இனி அதற்கு வேலை இல்லை.

அந்தக் கூண்டு ஒரே ஒரு வாக்கியத்தின் மேல் கட்டப்பட்டது. அவள் கணவன் ஞானதிரவியம் மீசை முளைக்குமுன் உப்பளத்தில் இறங்கியவன். கண்ணாடித் துண்டுகளைப் பரப்பினாற்போல் மின்னும் பாத்திகளைப் பார்த்துப் பார்த்து அவன் கண்களின் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகப் பாத்திகளுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று தூத்துக்குடியில் டாக்டர் சொன்ன அன்று, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பேருந்துக்கு நடந்து வந்தவன், மீன்தொட்டி விற்கிற கடை ஒன்றின் முன்னால் நின்றான். உள்ளே ஒரு கூண்டில் ஃபிஞ்ச் குருவிகள், கட்டைவிரல் பருமன், சிவந்த மூக்கு, குழந்தையின் ரப்பர் பொம்மையை அமுக்கினாற்போல் ஓயாமல் ஒரு சத்தம். "ஏட்டி, இந்தச் சத்தம் நல்லாருக்கு" என்றான். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து உள்ளறையில் சுவரைப் பார்க்க உட்கார்ந்தான், உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. எப்சிபா அந்த ஒரு வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஆள் நின்று நடமாடுகிற உயரத்துக்குக் கொல்லையில் கூண்டு கட்டி, குருவிகளை ஜோடி ஜோடியாக வாங்கி வந்து விட்டாள். சத்தம் கேட்டதும் அவன் கதவு வரைக்கும் வந்தான். அதற்கு மேல் வரவில்லை.

குருவிகளும் அதற்கு மேல் பெருகவில்லை. தினையை ஊறவைத்து முளைகட்டிப் பார்த்தாள், முட்டையை வேகவைத்து ஓட்டோடு பொடித்து வைத்தாள், மீன்பிடித் துறைமுகத்தில் வீசிக் கிடக்கும் கணவாய் ஓட்டைக் கழுவிக் காயவைத்துத் தொங்கவிட்டாள், மண்கலயங்களைக் கிழக்கே பார்த்துக் கட்டினாள், பிறகு கடலைப் பார்த்துக் கட்டினாள், பிறகு ஒன்றையும் பார்க்காமல் கட்டினாள். புரட்டாசிதான் சரியான காலம் என்றான் கடைக்காரன். கிறிஸ்துமஸ் கழிந்த பிறகுதான் என்றார் வேதக்கோயிலில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை, அவர் ஒரு காலத்தில் புறா வளர்த்தவர். முட்டை இடுவதற்குக் காலம் எதற்கு, மனசுதான் வேண்டும் என்றாள் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள், அவளுக்கு ஆறு பிள்ளைகள். முட்டைகள் வராமலில்லை; வந்தவை ஓட்டுக்குள்ளேயே காய்ந்தன. உப்புக்காற்றும் வெயிலுமாக உள்ளிருந்த ஈரத்தை உறிஞ்சிவிட, உடைத்துப் பார்த்தால் சுண்டிய பாலாடை மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சித்திரையிலும் சில குருவிகள் செத்தன. சத்தம் மெலிந்துகொண்டே வர, ஞானதிரவியமும் கதவிலிருந்து ஒவ்வோர் அடியாக உள்ளே போய்க்கொண்டிருந்தான். கடைசிக் குருவியும் ஓய்ந்துவிட்டால் அவன் அந்தச் சுவருக்குள்ளேயே போய்விடுவான் என்று எப்சிபாவுக்குத் தெரியும். கார்த்திகை வந்தபோது நிலைமை அதுதான்.

வந்த மறுவாரமே கலயங்களில் தேங்காய்நார் நிறைந்தது. முட்டைகள் இப்போது காயவில்லை. வைகாசி பிறக்குமுன் முதல் குஞ்சுகள் வாய் திறந்தன. மணலைத் தகரத்தில் கொட்டினாற்போன்ற அந்தச் சத்தத்தைக் கேட்டு ஞானதிரவியம் உள்ளறையிலிருந்து கதவுக்கு வந்தான், கதவிலிருந்து படிக்கு, படியிலிருந்து மண்ணுக்கு. ஒருநாள் தானே நாற்காலியைத் தடவி எடுத்துக்கொண்டு வந்து கூண்டோரம் போட்டு உட்கார்ந்தான். முகத்தில் தூறல் பட்டதும், "மழையா" என்றான். "கார்த்திகை" என்றாள் அவள். "ம்" என்று சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

தெருவுக்குச் செய்தி கொண்டுபோனது பேச்சியம்மாள். உப்புச் சுமப்பவள், உள்ளங்கால் முழுக்க உப்புத்தண்ணீர் அரித்த வெடிப்பு. கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தவள், "மழைய வீட்டுக்குள்ள கட்டி வச்சிக்கிட்டு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே, நல்ல மைனிதான் நீ" என்று சொல்லிக்கொண்டே வலையின் அடியில் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்று சாயங்காலம் உப்பளம் விட்டு வந்தவர்களெல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்து கால் நீட்டினார்கள். இது ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஏன் என்று கேட்பதற்கு அந்தத் தெருவில் வேறு எத்தனையோ இருந்தன, தண்ணீர் லாரி ஏன் சொன்ன நாளில் வருவதில்லை, பள்ளிக்கூடத்து மின்விசிறி ஏன் தொங்கிக்கொண்டே நிற்கிறது என்று. வேர்க்குரு வந்த பிள்ளைகளைக் கொண்டுவந்து வலையோரம் படுக்க வைத்தார்கள். புளிக்காமல் இருக்க மாவுப் பாத்திரங்களை வைத்தார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து வாழ வந்த ஒரு பெண் தினமும் வந்து கன்னத்தை வலையில் அழுத்திக்கொண்டு நிற்பாள், அவளை விலகச் சொல்லி யாரும் கேட்டதில்லை. வீடு தேடி வந்த மாதத்துக்கு மரியாதை செய்ய வேண்டாமா என்று பேச்சியம்மாள் முடிவுகட்ட, வைகாசி மாதத்தில் கூண்டைச் சுற்றி அகல் விளக்கு ஏற்றிப் பொரி உருண்டை பிடித்தார்கள். கார்த்திகை இங்கே இருக்கிறது என்றால் அடுத்தது என்ன என்று கோயில்பிள்ளைக்குக் குழப்பம் வந்து, இரண்டு நாள் யோசித்து, கோயிலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைக் கட்டுவது, ஆனால் விளக்கைப் போடுவதில்லை என்று ஒரு வழி கண்டார்.

சுடலைமணி அண்ணாச்சி மட்டும் காலை நீட்டவில்லை. தெருவில் பாதிப் பேருக்கு வேலை கொடுக்கிற பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். வந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூண்டுக் கதவு வழியாகக் கையை விட்டார், நனைந்த கையை முகர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை.

"எப்சிபா, குருவிக்கு வந்த மாசம் பாத்திக்கு வந்துராமப் பாத்துக்கோ. வந்துச்சின்னா இந்தத் தெருவுல ஒரு அடுப்பு எரியாது."

அவர் சொன்னதில் பொய் இல்லை. வெயில்தான் அங்கே சோறு. மழைக்காலம் வந்தால் உப்பளம் மூடும், ஆட்கள் வீட்டில் கை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். பாத்தி முழுக்க உப்பு விளைந்து கிடக்கிற நேரத்தில் ஒரு தூறல் போதும், அத்தனையும் கரைந்து வந்த வழியே கடலுக்குப் போக. ஆகவே தெரு தனக்குத் தெரிந்ததைச் செய்தது. கடலையே வரப்புக்குள் உட்கார வைத்து வெள்ளையாக்கி லாரியில் ஏற்றி அனுப்புகிறவர்களுக்கு ஒரு மாதத்தை உட்கார வைப்பது பெரிய காரியமாகப் படவில்லை. களிமண்ணும் உப்பும் குழைத்துக் கூண்டைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வரப்பு எடுத்து, ஆணும் பெண்ணுமாக ஏறி நின்று மிதித்து இறுக்கினார்கள். நல்ல வரப்பு. ஞானதிரவியம்கூடக் கையால் தடவிப் பார்த்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றான். அதில் ஒரு மடை வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆனி முழுக்கக் கூண்டு கொண்டாட்டமாக இருந்தது. குஞ்சுகள் பறந்தன, பறந்த குஞ்சுகள் ஜோடி சேர்ந்தன, ஒரு கலயத்துக்கு இரண்டு சண்டை போட்டன. சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. ஞானதிரவியம் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தான்: ஓயாமல் கத்துவது பஞ்சாயத்து, மூச்சு விட்டு விட்டுப் பாடுவது ஆர்மோனியம், முதன்முதலில் வாங்கி வந்த பெட்டைக் குருவி மூத்தவள். பேசினான். சிரித்தான். இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கிக் குடித்தான். எப்சிபா அதையெல்லாம் பார்த்துக்கொண்டு, இந்த மாதம் இப்படியே இருந்துவிட்டால் போதும், எனக்கு வேறு மாதமே வேண்டாம் என்று கர்த்தரிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வரப்புக்குள் நிற்கிற தண்ணீர் நாளாக நாளாகக் கனக்கும் என்பது அந்தத் தெருவில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாதமும் அப்படித்தான் என்பது தெரிந்திருக்கவில்லை. ஆடி பிறந்து, வெளியே காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருக்க, கூண்டுக்குள் கார்த்திகை மெல்லத் தடித்தது. தூறல் விளக்கெண்ணெய் மாதிரி சொட்டுச் சொட்டாக இறங்கியது. மங்கல் கலையவே இல்லை. குருவிகள் முட்டை இட்டன, குஞ்சு பொரித்தன, குஞ்சு இறங்குமுன் மறுபடி முட்டை இட்டன. பெட்டைகள் ஒவ்வொன்றாகக் கலயத்துக்குள்ளேயே உட்கார்ந்தபடி செத்துக் கிடந்தன. எப்சிபா கலயங்களைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். தீனித் தட்டில் இட்டன, ஈரத் தரையில் இட்டன. இடாமலிருக்க அவற்றால் முடியவில்லை, ஏனென்றால் வெளியே எந்த மாதமாக இருந்தாலும் அவற்றுக்கு அது முட்டை இடுகிற மாதமாகவே இருந்தது.

ஒரு காலை ஞானதிரவியம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஏட்டி, மூத்தவ சத்தத்தக் காணோம்."

இத்தனை இரைச்சலில் ஒன்றின் சத்தம் இல்லாதது எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள்.

"சந்தையில நூறு பேரு பேசுனாலும் உஞ்சத்தம் எனக்குத் தெரியாதா" என்றான்.

மூத்தவள் ஒரு மூலையில் தரையில் இருந்தாள், இறகெல்லாம் சிலிர்த்து உருண்டையாக, கண் செருகி, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்க. முட்டை உள்ளே அடைத்துக்கொண்டுவிட்டது. எப்சிபா அவளைக் கையில் எடுத்தபோது நெஞ்செலும்பு கத்திமுனை மாதிரி உள்ளங்கையில் குத்தியது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே வரப்பைத் தாண்டி வெளியே வந்து, ஆடி மாதத்து வெயிலில், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் கிண்ணமாக்கி நின்றாள். சூடு ஏறியது. அவள் உள்ளங்கால் பழுத்தது. எத்தனையோ வருடங்களாக அவள் வைது தீர்த்த வெயில், அவள் முதுகு வழியாகக் கைக்கு இறங்கி, கை வழியாகக் குருவிக்கு இறங்கியது. வெகுநேரம் கழித்துச் சுடச்சுட ஒரு முட்டை அவள் உள்ளங்கையில் விழுந்தது, ஓடு காகிதம் போல மெலிந்திருந்தது. மூத்தவள் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"இதுக்கு மேல தாங்காது" என்று எப்சிபா கணவனிடம் சொன்னாள். "மாசத்த அனுப்பிரணும்."

அவன் வலையின் கம்பியைத் தடவிப் பார்த்தான். பிறகு, "சத்தம் கொறஞ்சிரும்லா" என்று கேட்டான். "கொறையும்" என்றாள். பொய் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை.

அவள் தெருவுக்குப் போய்ச் சொன்னாள். சுடலைமணி அண்ணாச்சி உப்பு அம்பாரங்களைக் கை காட்டினார்; மேட்டில் வெள்ளை வெள்ளையாக, ஓலைகூடப் போடாமல், லாரிக்குக் காத்துக் கிடந்தன. அவ்வளவும் ஏற்றி முடியட்டும், புரட்டாசியில் பார்க்கலாம் என்றார். புரட்டாசி வரைக்கும் ஒரு பெட்டைகூட மிஞ்சாது என்று அவள் சொன்னதற்கு, குருவி வேறு வாங்கிக்கொள்ளலாம், உப்பு போனால் யாரிடம் வாங்குவது என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பேச்சியம்மாள் தன் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வெடிப்பெல்லாம் மூடி இளம்தோல் வந்திருந்த காலை. தென்காசிப் பெண் அழுதாள். எப்சிபா வீட்டுக்குத் திரும்பினாள்.

நாற்காலி காலியாக இருந்தது. ஞானதிரவியம் எழுந்து உள்ளறைக்குள் போயிருந்தான்.

அவள் அடுக்களைப் படியில் அப்படியே உட்கார்ந்தாள். குருவிகள் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தன, ஆனால் அந்தச் சத்தம் இப்போது அவளுக்குக் கேட்கவில்லை. உள்ளறையில் ஏதோ இழுபடுகிற சத்தம்தான் கேட்டது. அவன் வெளியே வந்தான். கையில், கதவுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த மண்வெட்டி.

"தண்ணிய வெளிய விடணும்னா பாத்திக்குள்ளயா விடுவோம்? ஓடைக்குத்தான விடுவோம்" என்றான். "மாசத்துக்கும் ஒரு ஓடை வெட்டுவோம். நேரே கடலுக்குப் போயிரும். யாரு உப்புலயும் கால் வைக்காது."

சொல்லிவிட்டு, வரப்பைக் காலால் தடவிப் பார்த்து, கடல் காற்று முகத்தில் அடிக்கிற திசையைப் பிடித்துக்கொண்டு வெட்ட ஆரம்பித்தான். கோணலாகத்தான் வெட்டினான். எப்சிபா மண்ணை அள்ளிப் போட்டாள். கொல்லைச் சுவருக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்த பேச்சியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"எங்காலு என்ன, உப்புல வெடிச்ச காலு, இன்னும் வெடிச்சிட்டுப் போவுது. ரெண்டு மாசம் சொகமா இருந்துச்சில்லா" என்றாள். "தள்ளுங்க அண்ணே, நீங்க வெட்டுத வெட்டுக்கு இது கடலுக்குப் போவாது, கருவாட்டுக் கடைக்குத்தான் போவும்."

மறுநாள் தெருவில் பாதி அங்கே இருந்தது. ஓடை கொல்லையிலிருந்து சந்துக்குப் போய், டிரான்ஸ்பார்மரைச் சுற்றி, கோயிலுக்குப் பின்னால் இறங்கி, பாத்திகளை ஒதுக்கிக்கொண்டு வளைந்தது. சுடலைமணி அண்ணாச்சி வந்து இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். பிறகு, "எய்யா ஞானம், கொஞ்சம் வலத்த வாங்கு, அந்தால என் அம்பாரம் கெடக்கு" என்றார். பிறகு அவரே போய் நான்கு ஆட்களைக் கூட்டி வந்தார்.

ஓடை கழிமுகத்தைத் தொட்ட அன்று ஞானதிரவியம் கூண்டோரம் குந்தி, மடை இருக்க வேண்டிய இடத்தைக் கையால் அளந்து, வரப்பைத் திறந்தான். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளே தேங்கிக் கிடந்த மங்கல் அசைந்தது, நனைந்த மண்ணின் வாசம் தரையோடு தரையாக இறங்கி வந்து எல்லோருடைய கணுக்காலையும் தொட்டது, கார்த்திகை வெளியே வந்தது. அவசரமில்லாமல், முணுமுணுத்துக்கொண்டே, வெட்டிய வழியே போயிற்று. போகிற இடமெல்லாம் ஓடைக்கு மேலே மட்டும் ஒரு முழ அகலத்துக்குத் தூறல் விழுந்தது. தெருவே கூட நடந்தது. பேச்சியம்மாள் ஓடைக்குள்ளேயே இறங்கிக் கடைசியாக ஒருமுறை கால் நனைத்துக்கொண்டு நடந்தாள், தென்காசிப் பெண் முந்தானையை நீட்டிக் கொஞ்சம் பிடித்துக்கொண்டாள். கோயிலைத் தாண்டும்போது மட்டும் அது நின்று, கட்டி வைத்த நட்சத்திரத்தைப் பார்த்தாற்போல் இருந்தது என்று கோயில்பிள்ளை பின்னால் சொன்னார். அண்ணாச்சியின் அம்பாரத்தில் ஒரு கல் உப்புகூட நனையவில்லை. கடலில் சேர்ந்த இடத்தில் தண்ணீர் சற்று நேரம் கறுத்திருந்தது, பிறகு ஆடி மாதத்துக் கடலாயிற்று.

எப்சிபாவும் ஞானதிரவியமும் திரும்பி வந்தபோது கூண்டு காய்ந்திருந்தது. மிச்சமிருந்த கலயங்களையும் அவள் கழற்றிக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். குருவிகள் தோள் தோளாக ஒட்டிக்கொண்டு கம்பில் வரிசையாக உட்கார்ந்தன, தலையை முதுகுக்குள் செருகின. பஞ்சாயத்துகூட வாயைத் திறக்கவில்லை. மாதக்கணக்கில் இரைந்த கொல்லையில் காற்றின் சத்தம் மட்டும் மிஞ்சியது. அவள் பயந்துகொண்டிருந்தது அதைத்தான். அவள் திரும்பிப் பார்க்காமல் கலயங்களை அடுக்கிக்கொண்டே இருந்தாள், அடுக்கி முடித்த பிறகும் மறுபடி கலைத்து அடுக்கினாள். நாற்காலி இழுபட்டது. உள்ளே போகிறான் என்று நினைத்தாள்.

நாற்காலி கூண்டுக்கு இன்னும் பக்கத்தில் வந்திருந்தது. அவன் தலையைச் சாய்த்து வலையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"ஒரு சத்தமும் இல்லியே" என்றாள் அவள்.

"மெள்ளப் பேசு. தூங்குதுவ" என்றான். "கேட்டுக்கிட்டிருக்கேன்."

ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று, லாரிகள் வந்து அம்பாரங்களை ஏற்றிப் போயின. மூத்தவளின் நெஞ்செலும்பை மெல்லச் சதை மூடியது. அவன் தினமும் அதே நாற்காலியில் இருந்தான். சில நாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஓடையின் கரையோரமாகக் கடல் வரைக்கும் நடந்து, அதில் அடைத்துக் கிடந்த மண்ணைக் காலால் விலக்கிவிட்டு வந்தான். எதற்கு என்று அவள் கேட்டதில்லை. ஐப்பசி வழக்கம்போல் கதவை உடைத்துக்கொண்டு வந்து, உப்பளத்தை மூடி, ஊரை நனைத்துவிட்டுப் போனது.

பிறகு ஒரு காலை, வானம் இன்னும் தீர்மானிக்காமல் வெளிறிக் கிடந்தபோது, அவன் கையை உயர்த்தி அவளைப் பேசாமலிருக்கச் சொன்னான். கடல் பக்கமிருந்து, ஓடை வழியாக, அவசரமில்லாத ஒரு முணுமுணுப்பு மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. அது கோயிலைத் தாண்டியது, டிரான்ஸ்பார்மரைச் சுற்றியது, சந்துக்குள் நுழைந்தது. ஊருக்கெல்லாம் மேலேயிருந்து வருவதற்கு முன்னால், தெரிந்த வழியே நடந்து, திறந்து கிடந்த மடை வழியாகக் கூண்டுக்குள் வந்தது. ஞானதிரவியம் கலயங்களை ஒவ்வொன்றாகத் தடவி எடுத்துக் கட்டினான், எதைப் பார்த்துக் கட்டுவது என்று ஒருவரையும் கேட்கவில்லை. கட்டி முடித்து, ஒரு கொத்துத் தேங்காய்நாரை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டிக்கொண்டு நின்றான்.

வெகுநேரம் நின்றான். மூத்தவள் கம்பிலிருந்து இறங்கி, கையில் உட்கார்ந்து, ஒன்றை இழுத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் விட்டாள். பிறகு இன்னொன்றை எடுத்துக்கொண்டு போனாள்.